லாரி என்ஜின்களில் டாப்பெட் கோளாறுகளை அறிதலும் நீக்குதலும்

கரும்பு, நெல், வாழைத்தார் முதலிய விளைபொருள்களைத் தமது சொந்த லாரியிலேயே ஏற்றியனுப்பும் நிலக்கிழார்கள் பலர் உளர். அறுவடைக் காலத்தில் லாரி வழியில் நின்றுவிடின், பழுதுபார்க்கும் கூலியோடு நஷ்டம் முடிவதில்லை. வெட்டிய கரும்பு ஒரு நாளைக்கு மேல் வெயிலில் கிடந்தால் எடையும் சர்க்கரைச் சத்தும் குறையும். பழுத்த வாழைத்தாரோ ஓர் இரவு கூடக் காத்திராது. ஆகையால், என்ஜின் பெரும் பழுதை அடையுமுன் காட்டும் அடையாளங்களை லாரியை உடையவரே அறிந்திருத்தல் நலம். அவ்வடையாளங்களுள் அடிக்கடி நேர்வதும், எளிதில் அறியத்தக்கதும் டாப்பெட்டைப் பற்றியதாகும்.

டாப்பெட்டின் தொழில்.— ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் காற்றை உள்ளே விடும் வால்வும், புகையை வெளியே விடும் வால்வும் உண்டு. காம் தண்டிலுள்ள மேடு டாப்பெட்டை உயர்த்துகிறது. டாப்பெட் புஷ் ராடைத் தள்ளுகிறது. புஷ் ராடு ராக்கரின் ஒரு முனையை உயர்த்த, அதன் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கிறது. மேடு கடந்தவுடன் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும். கிராங்கு தண்டு இருமுறை சுற்றும்பொழுது காம் தண்டு ஒருமுறை சுற்றும். ஆகவே நிமிஷத்துக்கு 2000 சுற்றுச் சுற்றும் என்ஜினில் ஒவ்வொரு வால்வும் நிமிஷத்துக்கு 1000 தடவை திறந்து மூடுகிறது. இவ்வளவு விரைவான வேலையில் சிறு தேய்மானமும் விரைவில் பெரிதாகும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இடைவெளியின் அவசியம்.— என்ஜின் சூடேறும்பொழுது வால்வின் தண்டு நீளும். அந்நீட்சிக்கு இடம் வேண்டி, ராக்கர் முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டரில் சில பத்திலொரு பங்கே உள்ள இடைவெளி விடப்படுகிறது. புகை வால்வு மிகுந்த சூட்டில் வேலை செய்வதால், பல என்ஜின்களில் அதற்கு அதிக இடைவெளி விதிக்கப்பட்டிருக்கும். சரியான அளவையும், அதனைக் குளிர்ந்த நிலையில் அளப்பதா, சூடான நிலையில் அளப்பதா என்பதையும் அவ்வந்த என்ஜினின் கைப்புத்தகத்தினின்றே அறிய வேண்டும். ஒரு லாரியின் அளவை மற்றொன்றுக்குக் கொள்ளலாகாது.

இடைவெளி மிகுந்தால்.— மூடியின் கீழிருந்து ‘டக் டக்’ என்ற ஒழுங்கான ஓசை கேட்கும். வால்வு தாமதித்துத் திறந்து, முன்னதாகவே மூடுவதால் என்ஜின் போதிய காற்றைப் பெறாது, இழுப்பும் குறையும்.

இடைவெளி குறைந்தால்.— இதுவே அதிக அபாயமானது. ஏனெனில் இதில் ஓசையே இராது. வால்வு தன் இருக்கையில் முழுதும் அமராமல், சூடான வாயு அச்சந்தின் வழியே சீறிப் பாயும். புகை வால்வு தன் சூட்டை இருக்கை மூலமாகவே பெரும்பாலும் வெளியேற்றுகிறது. இருக்கையில் அமராத வால்வு கருகிப் போகும். டாப்பெட் ஓசையில்லாத வண்டியே நல்ல வண்டி என்று கருதுவோர் பலர். பழைய லாரி வாங்குவோர் இதில் விசேஷ கவனம் செலுத்த வேண்டும். ஓசையை மறைக்கும் பொருட்டு இடைவெளியை அளவுக்கு மேல் இறுக்கி விற்பதும் உண்டு.

ஓசையைப் பிரித்தறிதல்.— டாப்பெட் ஓசை மெல்லியதாய், என்ஜினின் மேற்பாகத்தில், கிராங்கு தண்டின் வேகத்தில் பாதி வேகத்தோடு கேட்கும். பேரிங் தட்டுதலோ கனத்து, அடிப்பாகத்தில், பாரம் இழுக்கும்பொழுது மிகும். நீண்ட மரக்கோலின் ஒரு முனையைக் காதருகிலும் மறுமுனையை வால்வு மூடியின் பல இடங்களிலும் வைத்துக் கேட்டால் ஓசை எழும் இடம் புலப்படும். சுழலும் விசிறிக்கும் பெல்ட்டுக்கும் விலகி நிற்க வேண்டும்.

வால்வு கசிகிறதா என்பதை அறிய, என்ஜினை நிறுத்திக் கையால் மெதுவாகச் சுற்றுக. சீறல் ஸைலென்ஸரில் கேட்டால் புகை வால்விலும், காற்று வடிகட்டியில் கேட்டால் காற்று வால்விலும், ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் வளையங்களிலும் குறை உண்டென்று கொள்ளலாம்.

இடைவெளியைச் சரிசெய்யும் முறை.—

1. கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பாட்டரி இணைப்பைக் கழற்றுக. டீஸல் வராதபடி நிறுத்தும் பிடியையும் இழுத்து வைக்க.

2. மூடியைக் கழற்றி, என்ஜினைச் சுழலும் திசையிலேயே கையால் சுற்றுக. சாதாரண 6 ஸிலிண்டர் என்ஜினில் 1-6, 2-5, 3-4 என்பவை இணைகள். 6-ஆவது ஸிலிண்டரில் புகை வால்வு மூடி முடியவும் காற்று வால்வு திறக்கத் தொடங்கவும் ஆகும் தருணத்தில், 1-ஆவது ஸிலிண்டரின் இரு வால்வுகளும் நன்கு மூடியிருக்கும். அப்பொழுது அவற்றை அளக்கலாம். மற்ற இணைகளுக்கும் இதுவே முறை. 4 ஸிலிண்டர் என்ஜினில் 1-4, 2-3 இணைகளாம்.

3. விதித்த அளவுள்ள ஃபீலர் கேஜைச் செருகினால் அது இலேசான பிடிப்புடன் நகர வேண்டும். இல்லையேல் லாக் நட்டைத் தளர்த்தித் திருகைச் சரிசெய்து, நட்டை இறுக்கியபின் மறுபடியும் அளக்க வேண்டும். இறுக்கும்பொழுது அளவு மாறுவது இயல்பு.

சரிசெய்தும் குறை திரும்பினால்.— ராக்கர் முனையில் குழி விழுந்திருந்தால் தட்டையான கேஜ் குழியின் மேல் நின்று பொய்யளவு காட்டும். புஷ் ராடைச் சமமான கண்ணாடியின் மேல் உருட்டிப் பார்த்தால் வளைவு தெரியும். இடைவெளி ஒரே வால்வில் விரைவாக மிகுந்து வந்தால் டாப்பெட்டின் அடியோ காமின் மேடோ தேய்கிறதென அறிக. குறைந்துகொண்டே வந்தால் வால்வு தன் இருக்கையில் அமிழ்கிறது. டாப்பெட் தன் வேலையில் சிறிது சிறிதாகச் சுழல வேண்டும். சுழலாதது ஓரிடத்திலேயே உராய்ந்து அடியில் பொரிந்துவிடும். அவ்வாறு பொரிந்ததை மாற்றும்பொழுது காமையும் சோதிக்க வேண்டும். தேய்ந்த காமின் மேல் புதிய டாப்பெட்டையும், புதிய காமின் மேல் பழைய டாப்பெட்டையும் வைத்தல் கூடாது. கழற்றிய நல்ல டாப்பெட்டுகளுக்கு எண்ணிட்டு, அவையவற்றின் துளையிலேயே திரும்பச் செலுத்துக.

ஆயிலால் இயங்கும் டாப்பெட்டுகள்.— சிலவகை என்ஜின்களில் டாப்பெட்டினுள் ஆயில் நிறைந்து, இடைவெளியைத் தானே போக்கிக்கொள்ளும். 1930-இல் காடில்லாக் 16 ஸிலிண்டர் காரில் இவ்வகை உபாயம் கையாளப்பட்டது. இரவு முழுதும் நின்ற வண்டியைக் கிளப்பியவுடன் சில விநாடிகள் ஓசை கேட்டு அடங்கினால் கவலை வேண்டாம். சூடான பின்னும் நீடித்தால் ஆயிலின் அளவை முதலில் பார்க்க. ஆயில் குறைந்தால் காற்று உட்புகும். அளவுக்கு மேல் ஊற்றினாலும் கிராங்கு தண்டு அதனைக் கடைந்து நுரைக்கச் செய்யும். அளவு சரியாயிருப்பின் ஆயில் அழுத்தத்தைச் சோதித்து, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுக. அதன்பின்னும் ஓயாத டாப்பெட்டை மாற்றுவதே வழி. கெட்டியான ஆயிலை ஊற்றி ஓசையை அடக்க முயல்வது நோயை மூடி வைப்பதேயாகும்.

முடிவாகக் கூறத்தக்கது.— ஒழுங்காக ஆயில் மாற்றுதலும், கைப்புத்தகம் கூறும் கெடுவில் இடைவெளி அளத்தலும் டாப்பெட் கோளாறுகளுட் பெரும்பாலானவற்றைத் தடுக்கும். அளந்த தேதியையும் ஒவ்வொரு வால்வின் அளவையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பவர், எந்த வால்வு மாறி வருகிறதென்பதை முன்கூட்டியே காண்பர். அரைவை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே இவ்வேலையை முடித்துக்கொள்ளுதல் உத்தமம். கிராம அலுவலர்களும் இம்முறையைத் தம் ஊரில் லாரியும் டிராக்டரும் வைத்திருப்போருக்கு எடுத்துரைப்பார்களாயின், வெட்டிய கரும்பு வயலிலேயே காயும் நஷ்டம் பெரிதும் குறையும்.