உறவைக் காக்கும் ஒன்றுகூடல்

பள்ளி விடுமுறையின்போதும் தீபாவளியையொட்டியும் மலேசியத் தமிழ்க் குடும்பங்கள் சில பெருங்குடும்ப ஒன்றுகூடலை நடத்துகின்றன. ஒரே பாட்டன் பாட்டியின் வழிவந்தோர், கைக்குழந்தை முதல் முதியவர் வரை, ஒரு மண்டபத்திலோ மூத்தவர் வீட்டிலோ கூடுகின்றனர். விருந்து, விளையாட்டு, பரிசளிப்பு என அந்த நாள் விரைந்து ஓடிவிடும். அனைவரும் கலைந்து சென்ற பிறகு எஞ்சுவது என்ன என்று எண்ணிப் பார்த்தால்தான் அதன் உண்மையான பயன் விளங்கும்.

ஒரு காலத்தில் இத்தகைய ஒன்றுகூடலுக்குத் தேவையே இருக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழர்கள் பலர் கங்காணிகள் வழியாக மலாயாவுக்கு அழைத்து வரப்பட்டனர். தோட்டத்து லயங்களில் பெரியப்பா வீடும் அத்தை வீடும் அடுத்தடுத்து இருந்தன. யார் தமக்கு என்ன முறை என்பதைப் பிள்ளைகள் வாசலில் விளையாடும்போதே தெரிந்துகொண்டனர்.

1950களிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்தன. அடுத்த தலைமுறையினர் கல்வியையும் வேலையையும் தேடிக் கிள்ளான் பள்ளத்தாக்கு, பினாங்கு, ஜொகூர், சிங்கப்பூர் எனப் பல இடங்களுக்குச் சென்றனர். திருமணத்திலும் இறப்பிலும் மட்டுமே உறவினர் சந்திக்கும் நிலை உருவானது. அங்கெல்லாம் அமர்ந்து பேச நேரம் கிடைப்பது அரிது.

இடத்தால் பிரிந்தவர்களைப் பெயர் இணைக்குமா? சீனர்களின் குடும்பப் பெயர் தலைமுறைதோறும் தொடர்கிறது. தமிழர்களிடையே பொதுவாகத் தந்தையின் பெயரே பிள்ளையின் பெயருடன் சேர்கிறது. அடையாள அட்டையில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்னும் எழுத்துகளுக்குப் பின் வருவதும் அதுவே. எனவே, பாட்டனின் பெயர் பேரனின் பெயரில் இராது. அண்ணன் தம்பியின் பேரப்பிள்ளைகள் ஒரே வகுப்பில் படித்தாலும் பெயரைக் கொண்டு அவர்களை உறவினர் என்று அறிய இயலாது.

இந்த இடைவெளியை நிரப்புபவை உறவுமுறைச் சொற்களே. ‘அங்கிள்’, ‘ஆண்டி’ என்பவை ஒருவர் வயதில் மூத்தவர் என்பதை மட்டுமே காட்டும். ‘தாய்மாமன்’ என்றால் தாயுடன் பிறந்தவர் என்பதும் ‘சின்னத் தாத்தா’ என்றால் தாத்தாவின் தம்பி என்பதும் உடனே புலப்படும். ஒன்றுகூடலில் ஒரு சிறுவன், “இவரை நான் எப்படி அழைக்க வேண்டும்?” என்று கேட்கும்போது, குடும்பத்தின் ஒரு கிளையே அவனுக்கு விளக்கப்படுகிறது.

பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு முதியவர்கள் கூறும் செய்திகளும் அரியவை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண இரயில் பாதை அமைப்பதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர்களுள் ஆயிரக்கணக்கானோர் திரும்பி வரவில்லை. அவர்களுள் பலருக்குக் கல்லறையும் இல்லை. இறந்த நாளும் தெரியாது. அத்தகைய ஒருவரின் பெயர் குடும்ப மரத்தில் இடம்பெற வேண்டுமானால், அவரைப் பற்றித் தம் பெற்றோர் கூறக் கேட்ட ஒருவர் அதைச் சொல்ல வேண்டும்.

ஒன்றுகூடல் முடிந்த சில நாள்களுக்குப் புலனக் குழுவில் படங்கள் குவியும். பிறகு பேச்சு ஓய்ந்துவிடும். அதற்குள் செய்ய வேண்டிய பணிகள் சில உள்ளன. படத்தில் இருப்போரின் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து வைக்க வேண்டும். முதியவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவு செய்யலாம். குடும்ப மரத்தின் படியை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்து, விடுபட்ட பெயர்களைச் சேர்க்கச் சொல்லலாம். இவற்றைத் தள்ளிப்போடுவது நல்லதன்று. இன்று கதை சொன்ன பாட்டி அடுத்த ஒன்றுகூடலிலும் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை. பெயர் எழுதப்படாத படம், அவருக்குப் பின் யாரோ ஒருவரின் படமாகிவிடும்.

விருந்தின் சுவை மறந்துபோகலாம். அன்று வரை அறிந்திராத ஒரு முகத்தைக் காட்டி, “இவர் என் பாட்டியின் தாய்மாமன்” என்று ஒரு பிள்ளை சொல்லுமானால், அந்த ஒன்றுகூடல் தன் பணியைச் செய்துவிட்டது எனலாம்.