நம்ம வரப்பில் அயர்லாந்து இலை!

மார்ச் 17ம் தேதி அயர்லாந்து நாட்டில் பெரிய கொண்டாட்டம். புனித பேட்ரிக் தினம். அன்று பச்சை உடை உடுத்தி, 'ஷாம்ராக்' என்ற மூன்று இலைச் செடியைச் சட்டையில் குத்திக் கொள்வர்.

'அதுக்கு நாங்க எங்கே போறது' என்கிறீர்களா? சின்னசேலம் பக்கம் வயல் வரப்பில் குனிந்து பாருங்கள். இதய வடிவில் மூன்று இலை, குட்டி மஞ்சள் பூ... அதுதான் புளியாரை. ஷாம்ராக் வேறு, இது வேறு. பார்க்க மட்டும் அண்ணன், தம்பி!

நான்கு இலை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று அங்கே தேடி அலைவர். நம்ம வாய்க்கால் ஓரத்து ஆரைக்கீரைக்கோ எப்போதுமே நான்கு இலை. நாம் சமைத்தே சாப்பிட்டு விடுகிறோம்!

வாங்க, செய்யலாம்!

தேவை: பச்சைத் தாள், அட்டை, ஈர்க்குச்சி, பசை.

* 4 சிறு சதுரத் தாள்களை இரண்டாக மடியுங்கள். மடிப்பு ஓரத்தில் பாதி இதயம் வரைந்து வெட்டிப் பிரித்தால் முழு இதயம்.

* கூர்முனைகள் நடுவில் சேரும்படி அட்டையில் வையுங்கள். மடிப்பில் மட்டும் பசை தடவினால் இலைகளை மூடித் திறக்கலாம். நிஜப் புளியாரையும் இரவில் இலைகளை மடித்துக் கொள்ளும்!

* ஈர்க்குச்சியைக் காம்பாக ஒட்டுங்கள்.

குட்டித் தம்பி, தங்கைக்கு நீங்களே வெட்டிக் கொடுங்கள். ஒட்டுவது அவர்கள் வேலை.

பரீட்சைக்குப் படிக்கும் அக்காவிடம் இதைக் கொடுங்கள். அதிர்ஷ்டம் வருதோ, இல்லையோ... அக்கா முகத்தில் சிரிப்பு வரும்!