கூடத்துக்கு வந்த மகாலக்ஷ்மி

மேலப்பாளையத்திலிருந்து தாமிரபரணிக் கரையோரமாக எந்த ஊருக்குப் போனாலும், பழைய வீட்டுக் கூடங்களில் அவளைப் பார்த்திருப்பீர்கள். தாமரைக் குளம், துதிக்கையில் மாலை ஏந்திய யானை, நடுவே மகாலக்ஷ்மி. முகத்தைச் சற்று உற்றுப் பாருங்கள். நாலு கைகளை மறந்துவிட்டால், பட்டுடுத்திக் கலியாணத்துக்குப் புறப்பட்ட அடுத்த வீட்டு அம்மாள்தானே!

அதுதான் ராஜா ரவி வர்மாவின் சாமர்த்தியம். 1848-ல், மலைக்கு அந்தப்புறம் கிளிமானூரில் பிறந்தவர். நிஜப் பெண்களைப் பார்த்து எழுதிப் பழகிய கை அவருடையது. எந்த ஊரிலும் இல்லாத குளம் ஒன்றைக் கற்பனையில் வெட்டி, அதிலே குடும்பப் பெண்ணை நிறுத்திவிட்டார். 1894-ல் பம்பாயில் சொந்தமாக அச்சகம் வைத்தார். வர்ணத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களில் மாற்றி மாற்றி அச்சிட்டால்தான் ஒரு படம் உருவாகும்.

"வெறும் காலண்டர் படம்" என்று ரசிகர்கள் சிலர் முகம் சுளிப்பதுண்டு. சுளிக்கட்டும். 1899-ல், அன்றைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த சிவகாசியில், நாடார்கள் கோவிலுக்குள் நுழையலாமா என்ற தகராறில் ரத்தம் சிந்தியது. சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வர 1939 ஆயிற்று. வாசலில் தடுக்கப்பட்டவர்களின் வீட்டுக்கும், ஜாதி கேட்காமல், காகிதத்தில் ஏறி வந்தாள் லக்ஷ்மி.

பிற்பாடு அதே சிவகாசி, கோவில்பட்டி கொண்டையராஜு எழுதிய தெய்வங்களைக் காலண்டரில் அச்சடித்து நாடெங்கும் அனுப்பியது!

உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு படம் கிடக்கிறதா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள். தூசி தட்டி, அடியில் அச்சகத்தின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள்.