சூரிய ஓடுகள்: கூரையின் அழகும் நுகர்வோரின் உரிமையும்

சூரிய ஓடு என்பது, கூரைமேல் இரும்புச் சட்டம் நிறுத்திப் பொருத்தப்படும் வழக்கமான சூரியத் தகட்டைப் போலன்றி, ஓட்டின் இடத்தில் ஓடாகவே அமர்ந்து, மழையைத் தடுத்துக்கொண்டே மின்சாரமும் உண்டாக்கும் பொருளாகும். கட்டுமானப் பொருளும் மின்கருவியும் ஒன்றாகிவிடும் இந்த ஏற்பாட்டைக் கட்டடத்தோடு ஒன்றிய ஒளிமின் அமைப்பு என்பர். வீட்டின் தோற்றம் கெடாமல் மின்கட்டணத்தைக் குறைக்க விரும்புவோரை இது ஈர்ப்பதில் வியப்பில்லை. ஆயினும் ஒரே பொருள் இரண்டு வேலை செய்யும்போது, அது பழுதானால் நேரும் இழப்பும் இரண்டாகிறது. கூரை ஒழுகினால் மின்பணியாளரைக் கைகாட்டும் கூரைத் தச்சரும், மின்சாரம் குறைந்தால் கூரை வேலையைக் குறைசொல்லும் விற்பனையாளரும் ஒருவர்மீது ஒருவர் பழி போட, நடுவில் நின்று தவிப்பவர் வீட்டுக்காரர்தான். எவர் எதற்குப் பொறுப்பு என்பதை வாங்கும் முன்பே எழுத்தில் பெறுவது இத்துறையில் நுகர்வோருக்குள்ள முதல் பாதுகாப்பாகும்.

அழகைப் பற்றிய கவலை வீண்கவலை அன்று. பாசல் மிஷன் 1865 இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து பரவிய சீமை ஓடும், அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே குயவர் கையால் வனையப்பட்ட நாட்டு ஓடும் செட்டிநாடு முதல் நாகர்கோவில் வரை வீடுகளுக்குத் தனி முகத்தைத் தந்துள்ளன. செந்நிறக் கூரைச் சரிவின் நடுவே கறுத்துப் பளபளக்கும் தகடுகள் உறுத்துகின்றன என்று வீட்டுக்காரர் சொன்னால் அதை மதிக்கத்தான் வேண்டும். இத்தாலியின் பாம்பெயியில், எரிமலைச் சாம்பலில் புதையுண்டு மீட்கப்பட்ட செரஸ் இல்லத்தின் கூரையில், பழைய உரோமானியச் சுடுமண் ஓடுகளைப் போலவே தோன்றும் சூரிய ஓடுகள் பதிக்கப்பட்டிருப்பது, தொன்மையும் புதுமையும் ஒரே கூரையில் பொருந்தக்கூடும் என்பதற்குச் சான்று.

எனினும் நிறத்துக்கு ஒரு விலை உண்டு. அதைச் சொல்லாமல் விற்பவர் உண்மையின் பாதியை மறைக்கிறார். ஒரு பொருள் செந்நிறமாகத் தெரிவது அது சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புவதால்தான். திரும்பிப்போன அந்த ஒளி அடியிலுள்ள மின்கலத்தைச் சேர்வதில்லை. கறுப்புத் தகடு ஏறக்குறைய எல்லா ஒளியையும் உள்வாங்குவதால் கறுப்பாகத் தெரிகிறது. ஆகவே சுடுமண் நிற ஓடு, அதே பரப்புள்ள கறுப்பு ஓட்டைவிடக் குறைவாகவே மின்சாரம் தரும். சதுர மீட்டருக்கு 200 வாட் தரும் தகட்டில் 3 கிலோவாட் அமைப்புக்கு 15 சதுர மீட்டர் போதும். சதுர மீட்டருக்கு 120 வாட் மட்டுமே தரும் ஓடு என்றால் 25 சதுர மீட்டர் தேவைப்படும். விளம்பரப் படத்தைவிட இந்த ஒரு கணக்கு பயனுள்ளது. சதுர மீட்டருக்கு எத்தனை வாட் என்ற எண்ணை விலைப்புள்ளியிலேயே எழுதித் தருமாறு கேட்பது நுகர்வோரின் உரிமை.

அடுத்தது வெப்பம். தகட்டின் திறன் மின்கலம் 25 பாகை செல்சியஸில் இருக்கும் நிலையில் அளக்கப்படுகிறது. சிலிக்கான் கலம் அதற்குமேல் சூடேறும் ஒவ்வொரு பாகைக்கும் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு திறனை இழக்கிறது. கலம் 65 பாகையை எட்டும் கோடைப் பிற்பகலில் ஏழில் ஒரு பங்கு அளவுக்குத் திறன் குறைந்துவிடும். சட்டத்தின்மேல் உயர்த்திப் பொருத்திய தகட்டின் அடியில் காற்று தாராளமாக ஓடுகிறது. ஓடாகப் பதித்ததன் அடியில் அவ்வளவு ஓடுவதில்லை. எனவே ஓட்டுக்கும் ரீப்பர் சட்டத்துக்கும் இடையே காற்று நுழைந்து முகட்டு வழியே வெளியேறும் இடைவெளி வரைபடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லையேல் மின்சாரம் குறைவதோடு வீட்டுக்குள்ளும் வெக்கை ஏறும்.

திசையைப் பற்றி ஐரோப்பிய, அமெரிக்கக் கையேடுகள் சொல்வதை அப்படியே இங்கே பின்பற்றுவதும் தவறு. சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்டு மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே நிற்பதால், வடக்குச் சரிவு அந்த நாடுகளில் உள்ள அளவுக்குப் பயன் குறைந்ததன்று. ஆயினும் செங்குத்தான சரிவில் மார்கழி, தை மாதங்களில் அதன் உற்பத்தி வெகுவாகக் குறையும். வீதியை நோக்கிய முகப்பு வடக்காகவும் பின்சரிவு தெற்காகவும் அமைந்த வீட்டுக்கு அழகு, மின்சாரம் இரண்டும் எளிதில் கைகூடும்: பின்சரிவில், முகட்டுக்குக் கீழே, சரிவுக்கு இணையாகக் கறுப்புச் சட்டமிட்ட சாதாரணத் தகடுகளைப் பதித்துவிட்டால் வீதியிலிருந்து பார்ப்பவருக்கு அவை தெரியவே மாட்டா. சூரிய ஓடு விற்பவர் இந்த வழியைத் தாமாகச் சொல்வது அரிது.

ஆபத்துகளில் பெரியது தீ. ஒரு தகட்டின் பரப்பைப் பல சிறு ஓடுகள் நிரப்புவதால் அவற்றை இணைக்கும் மின்பிணைப்பிகளின் எண்ணிக்கை பெருகுகிறது. நேர்மின்னோட்டத்தில் தளர்ந்த பிணைப்பு ஒன்று தீப்பொறியைத் தொடர்ந்து கக்கக்கூடும். அடியிலோ காய்ந்த கைமரமும் சட்டமும் இருக்கும். நெதர்லாந்தில் நிகழ்ந்த சூரிய மின்தீ விபத்துகளை ஆராய்ந்த டிஎன்ஓ நிறுவனம், கூரைமேல் உயர்த்திப் பொருத்தியவற்றைவிடக் கூரைக்குள் பதித்தவற்றின் பங்கு கூடுதலாக இருப்பதை 2019 இல் சுட்டிக்காட்டியது. தீப்பொறி எழுந்தவுடன் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி, ஓட்டின் அடியில் எரியாத தாள், பயிற்சி பெற்ற உரிமதாரரின் மின்வேலை ஆகியவை இல்லாத விலைப்புள்ளி எவ்வளவு மலிவானாலும் ஏற்கத்தக்கதன்று.

உதிரிப்பொருள் கிடைக்காமல் போவது அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாத ஆபத்து. சாதாரணத் தகடு பழுதானால் வேறு நிறுவனத்தின் தகட்டைப் பொருத்திவிடலாம். சூரிய ஓட்டுக்கோ அதே வடிவமும் அதே பிணைப்பும் வேண்டும். அமெரிக்காவின் டௌ நிறுவனம் 2011 இல் விற்பனைக்குக் கொண்டுவந்த சூரிய ஓட்டை 2016 இல் கைவிட்டது. அதன் உரிமத்தைப் பெற்று மீண்டும் விற்க முனைந்த ஆர்ஜிஎஸ் எனர்ஜி 2020 இல் திவாலானது. விலையிலும் எச்சரிக்கை தேவை: டெஸ்லா நிறுவனம் 2021 இல், ஒப்பந்தம் செய்துகொண்ட வாடிக்கையாளர்களுக்கே சூரியக் கூரையின் விலையை உயர்த்தியதால் வழக்கு எழுந்து, பின்னர் சுமார் 60 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது. இறுதி விலை மாறாது என்ற உறுதியும், ஒரே தொகுப்பைச் சேர்ந்த உபரி ஓடுகள் சிலவற்றை முதலிலேயே தர வேண்டும் என்ற விதியும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டுவதன் காரணம் இதுவே.

உத்தரவாதம் என்ற ஒரே சொல்லின் கீழ் நான்கு வெவ்வேறு பொறுப்புகள் மறைந்திருக்கின்றன. பொருளில் குறை இல்லை என்பது ஒன்று. குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகும் குறிப்பிட்ட விழுக்காடு மின்சாரம் தரும் என்பது மற்றொன்று. பொருத்திய வேலை சரியானது என்பது மூன்றாவது. கூரை ஒழுகாது என்பது நான்காவது. ‘25 ஆண்டு உத்தரவாதம்’ என்று விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இரண்டாவதை மட்டுமே குறிக்கும். நான்காவதை எழுத்தில் தராதவரிடம் கூரையை ஒப்படைக்கக் கூடாது. சூரியத் தகடுகளுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம் என்பதால், பொருளின் மேலுள்ள பதிவு எண்ணை அந்த அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். கடலோர ஊர்களில் உப்புக்காற்றைத் தாங்கும் சோதனைச் சான்றையும் கேட்க வேண்டும்.

2024 இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம், கட்டடத்தோடு ஒன்றிய அமைப்புகளுக்கும் இடம் தருகிறது. 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும் மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயுமாக உச்ச அளவு 78,000 ரூபாய் மானியம் நுகர்வோரின் வங்கிக் கணக்குக்கே வரும். ஆனால் மின்கலமும் தகடும் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. இறக்குமதி செய்த ஓட்டுக்கு மானியம் உண்டு என்று சொல்வது தவறான தகவல். மின்வெட்டே இராது என்ற பேச்சும் அவ்வாறே: மின்பாதையில் வேலைசெய்யும் ஊழியரின் உயிரைக் காப்பதற்காக, மின்வெட்டின்போது மின்கட்டமைப்போடு இணைந்த இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும், பேட்டரிச் சேமிப்பு இருந்தால் மட்டுமே அப்போது விளக்கெரியும். மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமைகள் விதிகள் 2024 இல் திருத்தப்பட்டபின், 10 கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்குத் தொழில்நுட்பச் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை. மீட்டர் பொருத்துவதில் தேவையற்ற தாமதம் நேர்ந்தால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்தையும், அங்கும் தீராவிடில் மின் குறைதீர்ப்பாளரையும் அணுகலாம்.

தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னங்களுக்கு அருகில் வீடு வைத்திருப்போர் ஒன்றைக் கட்டாயம் அறிய வேண்டும். தஞ்சைப் பெரிய கோயில், மாமல்லபுரம் போன்ற இடங்களைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. அங்கே பழுதுபார்ப்புக்கும் புதுப்பிப்புக்கும்கூட முன் அனுமதி வேண்டும்; கூரையை மாற்றுவது அதற்கு விலக்கன்று.

இத்தனைக்கும் பிறகு ஏமாற்றம் நேர்ந்தால் 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது. குறைபாடுள்ள பொருள், சேவைக் குறைபாடு, தவறான விளம்பரம் மூன்றும் அதன் வரம்பில் வரும். செலுத்திய தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில், அதுவும் நுகர்வோர் வசிக்கும் மாவட்டத்திலேயே, வழக்குத் தொடரலாம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆனால் வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடர வேண்டும். ஓட்டுக் கூரையின் குறை பெரும்பாலும் முதல் ஐப்பசி மழையில்தான் வெளிப்படும் என்பதால், ஒழுகிய அன்றே தேதியோடு படமெடுத்து, விற்பனையாளருக்குப் பதிவு அஞ்சலில் எழுதி, அதன் ரசீதை வைத்துக்கொள்வது அவசியம். வாய்ச்சொல்லால் முறையிட்டுக் காத்திருந்து காலவரம்பை இழந்தவருக்கு நியாயம் இருந்தும் தீர்ப்புக் கிடைப்பது கடினம்.

நல்ல நிலையிலுள்ள ஓட்டுக் கூரையைப் பிரித்துச் சூரிய ஓடு பதிப்பது தமிழ்நாட்டின் பெரும்பாலான வீடுகளுக்கு ஏற்றதன்று. கைமரம் வரை புதிதாகக் கூரை போடும்போதும், வீதியிலிருந்து எல்லாச் சரிவும் தெரியும் மரபுக் கட்டடத்திலும் மட்டுமே அது பொருளுள்ள தேர்வு. முன்பணம் கொடுக்கும் முன் ஐயம் எழுந்தாலும், கொடுத்தபின் வழக்கு எழுந்தாலும், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இல் தமிழிலேயே பேசலாம்.