ஸ்படிகமா, கண்ணாடியா? கோலிக்குண்டைக் கேளுங்கள்!

ஆடி அமாவாசை, தை அமாவாசை முடிந்து இரண்டு நாள் கழித்துப் பாருங்கள், எங்கள் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் தெருவுக்கு நாலு பேர் கழுத்தில் புது ஸ்படிக மாலை மின்னும். ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடி, விடியற்காலை ஸ்படிக லிங்க தரிசனமும் முடித்தவர்களுக்கு வெறுங்கையோடு திரும்ப மனசு வருமா? போகாதவர்களுக்கு வாசலுக்கே பையைத் தூக்கிக்கொண்டு வியாபாரி வந்துவிடுகிறார். மழை பெய்தால்தான் வெள்ளாமை என்கிற பூமியில், பூக்கட்டியும் மில் வேலை பார்த்தும் சேர்த்த காசு அது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஸ்படிகம் பூமிக்குள் விளைகிற குவார்ட்ஸ் கல். தஞ்சாவூர் பக்கம் வல்லத்தில் கிடைத்த ஸ்படிகத்தைத் தேய்த்து ஒரு காலத்தில் மூக்குக்கண்ணாடியே செய்திருக்கிறார்கள். ஃபேன்சி கடையில் 'கிரிஸ்டல்' என்று விற்பது வேறு சமாச்சாரம். ஆஸ்திரியாவிலிருந்து வரும் பேர்போன கிரிஸ்டல் கூட கண்ணாடிதான். கண்ணாடி மணி ஒன்றும் மட்டமில்லை. நம்ம விருதுநகர் மாவட்டத்து வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கிய அகழாய்விலேயே கண்ணாடி மணிகள் நிறையக் கிடைத்தன. கண்ணாடியைக் கண்ணாடி என்று சொல்லி, கண்ணாடி விலைக்கு விற்கட்டும், அவ்வளவுதான்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் குளிர்ச்சி. மாலையையும், பிள்ளைகள் விளையாடும் கண்ணாடிக் கோலிக்குண்டையும் நிழலில், மண்பானை பக்கத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு ஒன்றன்பின் ஒன்றாகக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஸ்படிகம் உடம்புச் சூட்டை வேகமாக இழுப்பதால் கோலியை விட சில்லென்று இருக்கும், அந்தச் சில்லிப்பு சீக்கிரம் போகாது. பிளாஸ்டிக் என்றால் தொட்டவுடனே வெதுவெதுப்பு, எடையும் இருக்காது. சித்திரை வெயிலில் திண்ணையில் கிடந்த மாலையைத் தொட்டுப் பார்த்து, 'ஐயோ, சுடுதே, போலி!' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நம்ம ஊர் வெயிலுக்கு எந்தக் கல்லும் சுடத்தான் செய்யும்.

அடுத்து, வாட்ச் ரிப்பேர்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸ். அதில் பார்க்கும்போது மணிக்குள் உருண்டையாகக் காற்றுக் குமிழ் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், கண்ணாடி. ஸ்படிகத்தில் இருப்பது புகை மாதிரி, இறகு மாதிரி மெல்லிய கீற்று.

எனக்கு ரொம்பப் பிடித்தது தலைமுடிச் சோதனை. வெள்ளைத் தாளில் ஒற்றை முடியை வைத்து, அதன் மேல் மணியை வைத்து மெதுவாகத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஸ்படிகம் வெளிச்சத்தை இரண்டாகப் பிரிக்கும். அதனால் ஏதாவது ஒரு பக்கத்தில் முடி இரட்டையாகத் தெரியும். கண்ணாடியில் எத்தனை திருப்பினாலும் ஒன்றுதான். பெரிய உருண்டையில் பளிச்சென்று தெரியும், சின்ன மணிக்கு லென்ஸ் வேண்டும்.

'தண்ணீரில் போட்டால் மறைந்துவிடும்' என்று வியாபாரி காட்டுவதை நம்பாதீர்கள். நிறமில்லாத கண்ணாடியும் தண்ணீரில் அப்படித்தான் மங்கும். இருட்டில் இரண்டு மணியை உரசிப் பொறி காட்டுவார்கள். அதில் மணிதான் பாழாகும். கனமாக இருந்தால் அசல் என்பதும் சரியில்லை, ஈயம் கலந்த கண்ணாடி ஸ்படிகத்தை விடக் கனம்.

பழைய மாலை என்றால் நம்ம ஊர்ப் புழுதியே சாட்சி சொல்லும். புழுதியில் இருக்கும் பொடிமணலும் குவார்ட்ஸ்தான், கண்ணாடியை விடக் கெட்டி. வருஷக்கணக்கில் துடைத்துத் துடைத்துக் கண்ணாடி மணி மங்கி, பட்டை முனையெல்லாம் மழுங்கிப் போயிருக்கும். பாட்டி காலத்து ஸ்படிகத்தில் பட்டை இன்னும் கூராகவே இருக்கும்.

எங்கள் பக்கத்து வீட்டு மதினி வாசலில் வந்தவரிடம் 108 மணி மாலையை 3,500 ரூபாய்க்கு வாங்கினார். குழுவில் எடுத்த கடன். 'இதைப் போட்டால் பிரஷர் இறங்கும்' என்ற பேச்சை நம்பி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையையும் டப்பாவில் போட்டு மூடிவிட்டார். மூன்றாம் வாரம் தலைசுற்றிக் கிணற்றடியில் உட்கார்ந்தவரைக் கைத்தாங்கலாகத் தூக்கி வந்தோம். நர்சம்மா அளந்து பார்த்துத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது. லென்ஸில் பார்த்தால் ஏழெட்டு மணியில் குமிழ்! அசல் ஸ்படிகமாகவே இருந்தாலும் அது மாத்திரை வேலை செய்யாது. சாமிக்காகப் போடுங்கள், அழகுக்காகப் போடுங்கள், மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

இன்னொன்று. வாட்ச்சுக்குள் வைக்கிற குவார்ட்ஸ் மாதிரி ஆலையில் வளர்த்த ஸ்படிகமும் உண்டு. கல் ஒன்றேதான் என்பதால் நம் வீட்டுச் சோதனை எல்லாவற்றிலும் அது தேறிவிடும். பிரித்துச் சொல்ல, சென்னை மாதிரி பெரிய ஊர்களில் இருக்கும் ரத்தினப் பரிசோதனைக் கூடத்தால்தான் முடியும். அதனால் ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கும்போது பில்லில் 'இயற்கை ஸ்படிகம்' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் மாலையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். எழுதிக்கொடுத்தும் ஏமாற்றியிருந்தால், அந்த பில்லைக் கையில் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். மதினியிடம் பில் இல்லை. பை தூக்கி வந்தவர் எந்த ஊர் என்றும் தெரியவில்லை.

- ஒரு வாசகி, திருச்சுழி