துடுப்புப் பந்தயத்தில் 49 ஆண்டுகள் தாமதமான வாய்ப்பு

புதுதில்லி: சீறிப் பாயும் நீரில், தொங்கும் கம்பங்களுக்கு இடையே படகைச் செலுத்தும் பந்தயம் ‘கேனோ ஸ்லாலம்’. கம்பத்தைத் தொட்டால் 2 விநாடிகளும், வாயிலைத் தவறவிட்டால் 50 விநாடிகளும் தண்டனையாகச் சேரும்.

ஆஸ்திரேலியாவின் ஜெசிகா ஃபாக்ஸ், 2012 லண்டன் ஒலிம்பிக்கில் 18 வயதில் கயாக் பிரிவில் வெள்ளி வென்றார். கேனோ பிரிவிலும் அவர் உலக சாம்பியன் பட்டம் வென்றார். ஆனால், 2016 ரியோ ஒலிம்பிக்கில் மகளிருக்கு அப்பிரிவே இல்லை. ஆடவருக்கு 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் கிடைத்த வாய்ப்பு, மகளிருக்கு 2021-இல் டோக்கியோவில்தான் வாய்த்தது. அதில் தங்கம் வென்ற ஜெசிகா, 2024 பாரிஸில் இரு பிரிவுகளிலும் தங்கம் வென்றார்.

இந்தியாவில் 2023-இல் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளின்போது, மத்தியப் பிரதேசத்தின் மகேஷ்வரில் நர்மதை நதியில் இப்பந்தயம் நடைபெற்றது. நம் பெண்களுக்கு இனி விதி தடையல்ல. தேவை பயிற்சியும் களமுமே.