எத்தனை மணிக்கு, யாரைக் கூப்பிடுவீர்கள்?

ஏப்ரல் பிறந்ததும் பள்ளி வாசலிலும் அடுக்குமாடி லிஃப்ட் சுவரிலும் கோடை முகாம் நோட்டீஸ் ஒட்டிவிடுகிறார்கள். நீச்சல், சிலம்பம், படகோட்டம், மலையேற்றம், மூன்று நாள் கூடாரத்தில் தங்கல். அனுப்பலாமா என்று கேட்கிற பெற்றோரிடம் தாராளமாக அனுப்புங்கள் என்றுதான் சொல்வேன். வெயிலில் ஓடி, தண்ணீரில் இறங்கி, முன்பின் தெரியாத பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் பழகுவது வேறு எந்த வகுப்பிலும் கிடைக்காத படிப்பு. ஆனால் பணம் கட்டுவதற்கு முன்னால் சில கேள்விகளைக் கேட்டுவிட வேண்டும். அந்தக் கேள்விகள் எங்கே பிறந்தன என்று தெரிந்தால் கேட்கிற துணிவு தானாக வரும். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

இங்கிலாந்தின் தென்கரையில் லைம் ரீஜிஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1993 மார்ச் 22 அன்று காலை, பிளிமத் நகரத்துப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் எட்டுப் பேர், ஓர் ஆசிரியர், அங்கிருந்த சாகச மையத்தின் பயிற்சியாளர்கள் இருவர், ஆக 11 பேர் கயாக் படகுகளில் கடலில் இறங்கினார்கள். பக்கத்து ஊரான சார்மத் வரை போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடுவதாகத் திட்டம். தூரம் சுமார் மூன்று கிலோமீட்டர்தான். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள். அவர்களில் நான்கு பேர் அன்று செத்துப்போனார்கள்.

நடந்ததைப் படிப்படியாகப் பார்த்தால், பெரும்புயல் எதுவும் வந்துவிடவில்லை. கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே ஆசிரியரின் படகு கவிழ்ந்தது. அவரை மறுபடி ஏற்றிவிடுவதற்காக ஒரு பயிற்சியாளர் அவரோடு நின்றுவிட்டார். மற்றவர் பிள்ளைகளின் படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே காற்று அவர்களைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. உட்காருமிடத்தைச் சுற்றி அலை உள்ளே புகாமல் மூடும் உறை அந்தப் படகுகளில் இல்லை. அதனால் ஒவ்வொன்றாகத் தண்ணீர் நிறைந்து கவிழ்ந்தன. ஆபத்து என்று காட்டக் கொளுத்தும் சமிக்ஞை வாணம் அவர்களிடம் இல்லை. இத்தனை பேர் கடலுக்குப் போகிறோம் என்று கடலோரக் காவல்படைக்கு முன்கூட்டித் தகவலும் சொல்லவில்லை. மதியத்துக்குள் திரும்ப வேண்டியவர்கள் திரும்பாத பிறகும், காவல்படைக்குச் செய்தி போனது பிற்பகலில் வெகுநேரம் கழித்துத்தான். மார்ச் மாதத்து ஆங்கிலக் கடலின் குளிரில் அந்த நேரமெல்லாம் பிள்ளைகள் தண்ணீரில் கிடந்தார்கள்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் கரைக்கும் இது பொருந்தும். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று ஏமாற்றக்கூடியது. கரையோரத்தில் அலையே தெரியாது, குளம் மாதிரி இருக்கும். பிள்ளைகளை இறக்க இதைவிட நல்ல நாள் வராது என்று தோன்றும். கொஞ்சம் உள்ளே போனதும் அதே காற்று முதுகைப் பிடித்துத் தள்ளும், அலையும் பெரிதாகும், திரும்பி வர வேண்டுமென்றால் காற்றை எதிர்த்துத் துடுப்புப் போட வேண்டும். சின்னக் கைகளால் அது முடியாது. நம் கிழக்குக் கரையில் மேல்காற்று அடிக்கும்போது நடப்பதும் இதுதான். கடலில் படகுப் பயிற்சி தருகிற முகாமிடம், இன்றைக்குக் காற்று எந்தப் பக்கமிருந்து என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் பதில் சொல்கிறவரை நம்பலாம். கேள்வியே புரியாதவரிடம் பிள்ளையை விடாதீர்கள்.

லைம் ரீஜிஸ் விஷயத்தில் என் மனத்தை மிகவும் உறுத்துவது வேறொன்று. விபத்துக்கு முந்தைய ஆண்டே, அந்த மையத்தில் வேலை பார்த்து விலகிய பயிற்சியாளர்கள் நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். இங்கே பாதுகாப்பு போதவில்லை, இப்படியே போனால் யாரோ ஒருவர் வீட்டுப் பிள்ளை திரும்பாமல் போகும் என்பது அதன் சாரம். கடிதம் போய்ச் சேர்ந்தது, மையத்தின் வழக்கம் மாறவில்லை. 1994-இல் வழக்கு முடிந்தபோது மையத்தை நடத்திய நிறுவனத்தின் இயக்குநர் சிறைக்குப் போனார். நிறுவனமும் ஆட்கொலைக் குற்றவாளி என்று தீர்ப்பானது. பிரிட்டிஷ் சட்ட வரலாற்றில் ஒரு நிறுவனம் அப்படித் தண்டிக்கப்பட்டது அதுதான் முதல் முறை.

பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் விடவில்லை. பிளிமத் பகுதி எம்.பி.யும் முன்னாள் ஆசிரியருமான டேவிட் ஜேமிசன் கொண்டுவந்த தனிநபர் மசோதா 1995-இல் சட்டமானது. பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களைக் கட்டணம் வாங்கிக்கொண்டு குகை, பாறையேற்றம், மலைநடை, நீர்விளையாட்டு ஆகியவற்றுக்கு அழைத்துப் போகும் மையங்களுக்கு உரிமம் கட்டாயமானது. ஆய்வாளர்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். பயிற்சியாளரின் தகுதி என்ன, கருவிகள் எந்த நிலையில் இருக்கின்றன, ஏதாவது நடந்தால் என்ன செய்வதாகத் திட்டம் என்றெல்லாம் கேட்பார்கள். இந்த மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி என்பது என் கருத்து. தகுதியும் கருவியும் உள்ள இடத்திலும் விபத்து நடக்கும். நடந்த பிறகு முதல் அரை மணி நேரத்தில் யார் என்ன செய்கிறார்கள் என்பதுதான் பிள்ளை வீடு திரும்புவதை முடிவு செய்கிறது.

நாடு முழுவதற்கும் பொதுவாக அப்படியொரு உரிமச் சட்டம் நம்மிடம் இல்லை. இங்கேயும் விதிகள் துயரத்துக்குப் பின்னால்தான் வருகின்றன. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இறந்த பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் வந்தன. ஆகவே பிரிட்டனில் ஆய்வாளர் கேட்கிற கேள்வியை இங்கே அப்பாவும் அம்மாவும்தான் கேட்க வேண்டும். போகிற இடத்திலிருந்து எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், அந்த நேரத்துக்கு வராவிட்டால் எத்தனை மணிக்கு யாரைக் கூப்பிடுவீர்கள், கூப்பிட அங்கே சிக்னல் இருக்கிறதா, பக்கத்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், பிள்ளையை ஏற்றிக்கொண்டு போக வண்டி கையோடு நிற்கிறதா. அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது சார் என்று பதில் வந்தால், அந்த முகாமில் திட்டம் இல்லை என்று பொருள்.

2024 ஜனவரி 18 அன்று வடோதராவின் ஹர்ணி ஏரியில் பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் சென்ற படகு கவிழ்ந்து, மாணவர்கள் 12 பேரும் ஆசிரியைகள் இருவரும் இறந்தார்கள். படகில் ஏற்றக்கூடிய அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் போட்டுவிடவும் இல்லை. கரையில் நிற்கிற எவரும் எண்ணிப் பார்த்துத் தடுத்திருக்கக்கூடிய விஷயம் இது. லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். பிள்ளைகளின் அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். பெரியவர்களுடையதைப் போட்டுவிட்டால் தண்ணீரில் விழுந்ததும் அது தோளைத் தாண்டி மேலே வந்துவிடும், பிள்ளை அடியில் நழுவிவிடும். வாரை இறுக்கிய பிறகு தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்கு ஆகாது.

நீச்சல் குளத்தைப் பற்றி நம்மில் பலருக்குத் தவறான எண்ணம் உண்டு. மூழ்குகிற பிள்ளை கத்தும், கையை ஆட்டும் என்று சினிமா பழக்கிவிட்டது. உண்மையில் பெரும்பாலும் சத்தமே வராது. வாய் நீர்மட்டத்தில் மூழ்குவதும் எழுவதுமாக இருக்கும்போது மூச்சு வாங்கவே நேரம் போதாது, கூப்பிட ஏது நேரம்? தலை பின்னால் சாய்ந்து, உடம்பு செங்குத்தாக நின்று, கைகள் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் நீந்துகிற பிள்ளைக்கு அது விளையாடுவது போலவே தெரியும். அதனால்தான் சொல்லிக்கொடுக்கிறவர் வேறு, பார்த்துக்கொண்டிருக்கிறவர் வேறு என்று இருக்க வேண்டும். கரையில் நின்று தண்ணீரை மட்டுமே பார்க்கிற ஓர் ஆள், கையில் போன் இல்லாமல். ஒரே மாஸ்டர் இருபது பிள்ளைகளுக்குக் கால் உதைக்கக் கற்றுக்கொடுத்தபடி அத்தனை பேரையும் பார்த்துக்கொள்ள முடியாது, அவர் எவ்வளவு நல்ல நீச்சல்காரராக இருந்தாலும்.

வெயிலுக்கும் இதே கவனம் வேண்டும். கத்திரி வெயிலில் பதினோரு மணிக்கு மேல் மைதானத்தில் ஓடவிடுகிற முகாம் வேண்டாம். பிள்ளை உளறினாலோ தள்ளாடினாலோ அது வெறும் களைப்பு இல்லை. நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டே 108-ஐ அழைக்க வேண்டும். இளைப்பு, வலிப்பு, கடலைக்கோ முட்டைக்கோ ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் மருந்து யார் கையில் இருக்கும், அதைக் கொடுக்க அவருக்குத் தெரியுமா என்பதைப் பேசி, எழுதியும் கொடுத்துவிடுங்கள்.

இனி, சொல்லக் கஷ்டமான பகுதி. பிள்ளைக்கு வரும் ஆபத்து தண்ணீரிலும் மலையிலும் மட்டும் இல்லை. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பிள்ளைகள் இரவில் பள்ளியிலேயே தங்கினார்கள். மாணவி ஒருவருக்குப் பாலியல் வன்கொடுமை நடந்ததாகப் புகார் எழுந்தது, வேறு மாணவிகளும் முன்வந்து சொன்னார்கள். அந்த முகாமுக்கும் தங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று என்.சி.சி. அறிவித்தது. நடந்ததை மறைத்ததாகப் பள்ளித் தரப்பினரும் கைதானார்கள். சீருடையும் ஒரு பெயரும் இருந்ததால் யாரும் சரிபார்க்கவில்லை. அந்த அமைப்பின் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் வந்த 2020-ஆம் ஆண்டு விதிகள், பிள்ளைகள் தங்கும் இடங்களும் அவர்களோடு தொடர்ந்து புழங்கும் பள்ளி, விளையாட்டு அகாடமி போன்றவையும் தங்கள் ஊழியர் ஒவ்வொருவரின் பின்னணியையும் காவல்துறை வழியாகச் சரிபார்க்க வேண்டும் என்கின்றன. தற்காலிக ஊழியருக்கும் இது உண்டு. ஆக, சரிபார்த்தீர்களா என்று நீங்கள் கேட்பது சந்தேகப் புத்தி ஆகாது, சட்டம் அவர்களிடம் கேட்பதைத்தான் நீங்களும் கேட்கிறீர்கள். இரவுத் தங்கல் என்றால் இன்னும் கேளுங்கள். பெண்பிள்ளைகளோடு யார் இருப்பார்கள், பெரியவர்கள் எங்கே படுப்பார்கள், ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும் மூடிய அறையில் தனியாக இருக்க நேராதபடி என்ன ஏற்பாடு. பல நாட்டுச் சாரணர் இயக்கங்கள் எப்போதும் இரண்டு பெரியவர்கள் என்ற விதியை வைத்திருப்பது இதற்காகத்தான். அந்த விதி பிள்ளையைக் காக்கிறது, நேர்மையான ஆசிரியரையும் வீண்பழியிலிருந்து காக்கிறது. தினமும் பிள்ளை வீட்டோடு பேச அனுமதி இல்லை என்று சொல்கிற முகாமுக்கு, எவ்வளவு பெயர் பெற்றதாக இருந்தாலும், நான் அனுப்ப மாட்டேன்.

பிள்ளையிடமும் பேச வேண்டும். மாஸ்டர் சொல்கிறபடி கேள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறோம். பயமாக இருந்தால் இறங்க மாட்டேன் என்று சொல்லலாம், யாராவது தொட்டது பிடிக்கவில்லை என்றால் கத்தலாம், வீட்டில் சொல்லக்கூடாது என்று யார் சொன்னாலும் அதை முதலில் வீட்டில்தான் சொல்ல வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் நன்றாக இருந்ததா என்று கேட்டால் ம் என்று ஒரு பதில்தான் வரும். யார் பக்கத்தில் படுத்தாய், எதைப் பார்த்துப் பயந்தாய், யார் அழுதார்கள் என்று கேட்டால் கதை வரும். அவசரப்படாமல், இரண்டு மூன்று நாள் விட்டு விட்டுக் கேளுங்கள்.

அப்படி வரும் கதையில் ஏதாவது தப்பாகப் பட்டால், முகாம் நடத்துகிறவரிடம் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். 1098 பிள்ளைகளுக்கான இலவச உதவி எண், எந்த நேரமும் அழைக்கலாம். பாலியல் குற்றம் என்ற சந்தேகம் இருந்தால் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குச் சொல்வது தெரிந்தவர் ஒவ்வொருவரின் கடமை. பிள்ளையின் பெயரும் அடையாளமும் ஊடகத்தில் வெளிவராமல் காக்கவும் அதே சட்டம் வழி செய்திருக்கிறது.